உளுந்தூர்பேட்டை தாண்டி பஞ்சர், ஸ்டெப்னியிலும் காத்து இல்ல

தெற்குவண்டி

இந்த ஃபோரத்தை ரொம்ப நாளா சத்தம் காட்டாம படிச்சுட்டுப் போறவன் நான். இப்போ வீங்கின முழங்காலோட வீட்ல உக்காந்திருக்கேன், அதான் எழுதறேன்.

போன சனிக்கிழமை சென்னையிலிருந்து திருநெல்வேலி கிளம்பினோம். நான், மனைவி, ரெண்டு பசங்க, அம்மா. ஏழு வருஷம் ஆன ஹேட்ச்பேக். உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்துல ஸ்டீயரிங் வலது பக்கமா இழுக்க ஆரம்பிச்சுது. ரோடு சரியில்லன்னு நினைச்சு ஒரு நிமிஷம் அப்படியே ஓட்டிட்டேன். அப்புறம் தடதடன்னு சத்தம். வலது முன் டயர் சப்பையா உக்காந்திருக்கு. இடது ஓரம் வெள்ளைக் கோட்டை ஒட்டி நிறுத்தினேன். மத்தியானம் ரெண்டு மணி வெயில்.

டிக்கில இருந்த பெட்டி, முறுக்கு டின், அரிசி மூட்டை எல்லாத்தையும் இறக்கினாத்தான் ஸ்டெப்னி தெரியும். இறக்கினோம். ஹேண்ட்பிரேக் போட்டு, ஜாக்கி வெச்சுத் தூக்கிட்டு, நட்டுல ஸ்பானர் போட்டா சக்கரமும் கூடவே சுத்துது. கியர் நியூட்ரல்ல இருந்திருக்கு. மறுபடி இறக்கி, நட்டைத் தளர்த்தினேன். மூணு வந்துச்சு. நாலாவது அசையவே இல்ல. ஸ்பானர் மேல ஏறி நின்னேன், வழுக்கி முழங்கால் போய் பம்பர்ல இடிச்சுது.

ஒரு லாரிக்காரர் அவராவே நிறுத்தி, நீளமான கம்பி ஒண்ணை எடுத்துட்டு வந்து ஒரே அழுத்துல கழட்டிட்டார். ஸ்டெப்னியை மாட்டி வண்டியை இறக்கினா, அதுவும் உக்காந்துடுச்சு. ஏழு வருஷத்துல அதுக்கு ஒரு தடவைகூட நான் காத்து பாத்ததில்ல. அவர் சிரிச்சுக்கிட்டே லாரி பிரேக் டேங்கிலிருந்து குழாய் போட்டுக் காத்து பிடிச்சுக் குடுத்தார். காசு வேண்டாம்னுட்டார். அம்மா ஒரு பொட்டலம் முறுக்கு குடுத்தாங்க, அதை மட்டும் வாங்கிக்கிட்டார்.

அந்த ஸ்டெப்னிலயே மீதி நானூறு கிலோமீட்டரும் போயிட்டேன், 90, 100ல. ஊருக்குப் போனப்புறம்தான் ரிம்முல '80' ஸ்டிக்கர் பாத்தேன், அதுக்கு மேல வேகம் கூடாதாம். எங்கெல்லாம் தப்பு பண்ணினேன்? திட்டினாலும் பரவாயில்ல.

பாட்டில்ஜாக்கி

திட்டத்தான் போறேன், கோவிச்சுக்காதீங்க.

நட்டு, ஜாக்கி எல்லாம் அப்புறம். நீங்க நின்ன இடம்தான் பெரிய தப்பு. போனது வலது முன் டயர். அதாவது லாரியும் பஸ்ஸும் பறக்கிற பக்கத்துல, முதுகைக் காட்டிக்கிட்டு, குத்துக்கால் வெச்சு உக்காந்திருக்கீங்க. 100 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுக்கு 28 மீட்டர் ஓடும். டிரைவர் போன் பாத்துட்டு நிமிர்றதுக்குள்ள உங்க மேல வந்துடுவான். பெரிய வண்டி ஒட்டிப் போனா அந்தக் காத்துக்கே ஜாக்கி மேல நிக்கிற கார் ஆடும்.

டயர் உக்காந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் ஹஸார்டு லைட்டைப் போட்டு, பதினஞ்சு இருபதுல உருட்டிக்கிட்டே போங்க. சர்வீஸ் ரோடு பிரியற இடம், பெட்ரோல் பங்க், லாரி நிறுத்தற இடம், டீக்கடைன்னு ஏதாவது வரும். டயர் கிழியும், ரிம்மும் நெளியலாம். நெளியட்டும். ரிம் கடையில கிடைக்கும்.

இன்னொண்ணு. வண்டி நிக்குதுன்னு பின்னாடி வர்றவங்களுக்குக் காட்டற சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தைப் பத்தி ஒரு வரிகூட நீங்க எழுதல. டிக்கில சாமானுக்கு அடியில இருந்திருக்கும், சரியா? வண்டியை ஒட்டி நாலடியில வெச்சுப் பிரயோஜனம் இல்ல. குறைஞ்சது 50 மீட்டர், நாற்கரச் சாலைன்னா 100 மீட்டர் பின்னாடி. திரும்பி நடக்கும்போது ரோட்டு மேல நடக்காம கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமா நடங்க. பசங்களும் அம்மாவும் எங்க இருந்தாங்க?

தெற்குவண்டி

முக்கோணம் வெக்கல. அம்மாவும் பசங்களும் ஏசி வேணும்னு வண்டிக்குள்ளயேதான் இருந்தாங்க.

பாட்டில்ஜாக்கி

ஜாக்கி மேல தூக்கின வண்டிக்குள்ள ஆளு, இன்ஜினும் ஓடிக்கிட்டு. நான் இனிமே எதுவும் பேசல.

சுங்கச்சாவடி

எல்லாரும் ஒண்ணை மறந்துடறீங்க. தேசிய நெடுஞ்சாலைன்னா உதவிக்குக் கூப்பிடற நம்பர் 1033. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க. சுங்கம் கட்டறோம்ல, ரோந்து வண்டியும் கிரேனும் அந்தக் காசுலதான் ஓடுது. ரோந்து வண்டி வந்து பின்னாடி கூம்பு வெச்சு நின்னாலே பாதி ஆபத்து போச்சு. அதுவரைக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிழல்ல நிக்கறதுதான் புத்திசாலித்தனம். குடும்பத்தை வெச்சுக்கிட்டு இதுல வீரம் காட்ட என்ன இருக்கு?

மெக்கானிக்மகன்

சொல்றது சரிதான் சார், ஆனா நான் ஒருதடவை கூப்பிட்டுட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னிருக்கேன். அவங்க மேல குறை சொல்லல, அன்னிக்கு வேற எங்கயோ பெரிய விபத்து, எல்லா வண்டியும் அங்க போயிருந்துது. சின்னக் குழந்தையோட மே மாச வெயில்ல ஒரு மணி நேரம் நிக்கறதும் ஆபத்துதான். இடது பக்க டயர், நல்ல அகலமான ஓரம், பகல் வெளிச்சம்: நானே மாத்துவேன். வலது பக்கம், இல்லன்னா ராத்திரி, இல்லன்னா வளைவு, பாலம்: தொடவே மாட்டேன். உருட்டிக்கிட்டுப் போவேன், முடியலன்னா 1033.

இப்போ அந்த நாலாவது நட்டு. அண்ணே, கடைசியா எப்போ டயர் கடைக்குப் போனீங்க? ஏர் கன் வெச்சு 'டர்ர்'னு இறுக்கினாங்களா?

தெற்குவண்டி

மூணு மாசம் முன்னாடி அலைன்மென்ட், பேலன்சிங். ஆமா, கன்தான்.

மெக்கானிக்மகன்

அதேதான். எங்கப்பா முப்பது வருஷம் பட்டறை வெச்சிருந்தவர். "கன்னால கழட்டு, கையால பூட்டு"ன்னு பையன்ககிட்ட கத்திக்கிட்டே இருப்பார்.

கணக்கைப் பாருங்க. சின்னக் கார்களுக்கு நட்டு இறுக்கம் சுமார் 85லிருந்து 110 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இருக்கும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு கையேட்டுல போட்டிருக்கும். ஒரு அடி நீள ஸ்பானர் நுனியில 35 கிலோ பாரம் குடுத்தா 100 வந்துடும். ஒரு சராசரி ஆள் கையால நல்லா அழுத்தற அழுத்தம் அவ்வளவுதான். அதே ஸ்பானர் மேல 75 கிலோ ஆள் ஏறி நின்னா 220. கழட்டறதுக்கு நிக்கலாம், பூட்டறதுக்கு ஏறி நிக்கவே கூடாது. ஸ்டட், அதாவது நட்டு ஏறுற போல்ட், நீண்டுடும், இல்லன்னா மரை போயிடும். கழட்டறப்பவும் ஏறிக் குதிக்கறது வேண்டாம், உங்க முழங்கால்தான் சாட்சி.

வழி ரொம்பச் சுலபம். ஹார்டுவேர் கடையில ரெண்டடி ஜி.ஐ. பைப் ஒண்ணு வாங்கி டிக்கில போடுங்க. ஸ்பானர் கைப்பிடி அதுக்குள்ள நுழையணும், அளவு பாத்து வாங்குங்க. லாரிக்காரர் கம்பி செஞ்ச வேலையை அது செய்யும். இறுக்கும்போது பைப்பை ஓரமா வெச்சுடுங்க.

அப்புறம், கடையில டயர் வேலை முடிஞ்சு வெளிய வர்றதுக்கு முன்னாடி, உங்க வண்டி ஸ்பானராலயே நாலு நட்டையும் ஒருதடவை தளர்த்தித் திரும்பப் பூட்டிப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார். பாக்கட்டும்.

கியர்அக்கா

பைப்புக்கு நான் கேரண்டி. நான் 48 கிலோ. கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டுல தனியா ரெண்டு தடவை மாத்தியிருக்கேன். ஸ்பானரை இடது பக்கமாப் படுத்த மாதிரி, தரைக்கு இணையா மாட்டிக்கிட்டுக் கீழ் நோக்கி அழுத்தணும். மேல இழுத்தா முதுகுதான் போகும்.

தனியாப் போற பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ராத்திரி பஞ்சர்னா இருட்டுல நிறுத்தாதீங்க. கதவைப் பூட்டிக்கிட்டு, வெளிச்சமும் ஆளும் இருக்கிற பங்க் வர்ற வரைக்கும் சப்பை டயர்லயே மெதுவாப் போங்க. எனக்கு ஒரு டயர் அப்படிப் போச்சு. எங்க வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டறார், நான் கண்டுக்கறதில்ல.

புதுலைசன்ஸ்

அண்ணா, அக்கா, ஒரு சந்தேகம். ஹேண்ட்பிரேக் போட்டாச்சுன்னா கியர்லயும் போடறது எதுக்கு? சக்கரத்துக்குக் கல் முட்டுக் குடுக்கறாங்களே, அது எதுக்கு?

மெக்கானிக்மகன்

நல்ல கேள்வி தம்பி, நிறைய பேர் கேக்கறதே இல்ல. நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான சின்னக் கார்ல இன்ஜின் இழுக்கிறது முன் சக்கரம், ஹேண்ட்பிரேக் பிடிக்கிறது பின் சக்கரம்.

முன் சக்கரம் ஒண்ணைத் தூக்கறேன்னு வெச்சுக்கோ. ஹேண்ட்பிரேக் போடாம கியரை மட்டும் நம்பினா வண்டி உருளும். நடுவுல டிஃபரென்ஷியல் இருக்கு, ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடற பல்சக்கர அமைப்பு. அந்தரத்துல நிக்கிற சக்கரம் எதிர்த் திசையில சுத்திக்கும், தரையில இருக்கிற சக்கரம் ஜாலியா உருண்டு போகும். ஆட்டோமேட்டிக்ல 'பி' போட்டாலும் இதே கதை. பின் சக்கரத்தைத் தூக்கினா ஹேண்ட்பிரேக்கு பிடிக்க ஒரே ஒரு பின் சக்கரம்தான் தரையில மிச்சம். அதனால ரெண்டையும் போடு. கியர் முதல் அல்லது ரிவர்ஸ். கல்லைக் குறுக்குக் கோணத்துல இருக்கிற சக்கரத்துக்கு வை: வலது முன் டயரைக் கழட்டினா இடது பின் டயருக்கு முன்னாடியும் பின்னாடியும்.

தெற்குவண்டி அண்ணே நியூட்ரல்ல விட்டதாலதான் சக்கரம் கூடவே சுத்துச்சு. முறை இதுதான்: சக்கரம் தரையில இருக்கும்போதே எல்லா நட்டையும் அரைச் சுத்து தளர்த்தணும், அப்புறம் ஜாக்கி, அப்புறம் முழுசாக் கழட்டணும்.

பாட்டில்ஜாக்கி

ஜாக்கி எங்க வெக்கறதுன்னு யாரும் சொல்லல. கதவுக்குக் கீழ விளிம்புத் தகடு ஓடுதுல்ல, அதுல முன் சக்கரத்துக்குப் பின்னாடியும் பின் சக்கரத்துக்கு முன்னாடியும் ரெண்டு ரெண்டு வெட்டு இருக்கும். ஜாக்கித் தலையில இருக்கிற பள்ளம் அந்த ரெண்டு வெட்டுக்கு நடுவுல உக்காரணும். ராத்திரியில கண்ணுக்குத் தெரியாது, இப்பவே போய் விரலால தடவிப் பாத்து வெச்சுக்கோங்க.

மண்ணு தரைன்னா அடியில கெட்டியான பலகை. செங்கல் மட்டும் கூடவே கூடாது. எங்க பக்கத்து வீட்டுக்காரர் செங்கல் மேல ஜாக்கி வெச்சு, அது பொடிஞ்சு, பிரேக் டிஸ்க் போய் மண்ணுல குத்தினதை நேர்ல பாத்தேன். ஸ்டெப்னியைக் கீழ படுக்க வெச்சு ஜாக்கிக்குப் பக்கத்துல வண்டிக்கு அடியில பாதி தள்ளி வைங்க. ஜாக்கி சாய்ஞ்சாலும் வண்டி அது மேல நிக்கும். ஸ்டெப்னியை மாட்டும்போது கழட்டின சக்கரத்தை அதே இடத்துல தள்ளிடுங்க. உடம்பு எதையும் அடியில விடாதீங்க, கை உட்பட.

யாழ்சில்லு

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நீங்கள் ஸ்டெப்னி எண்டு எழுதுறதைப் பாக்க எனக்குப் புதுசா இருக்கு, நாங்கள் ஸ்பெயார் வீல் எண்டுதான் சொல்லுவம். சக்கரத்துக்குச் சில்லு.

என்ர கார் ஜப்பானில ஓடி இஞ்ச வந்த சின்னக் கார். வாங்கேக்க பின்னால கம்பளத்தைத் தூக்கிப் பாத்தன், மேலதிகச் சில்லுக்குரிய இடத்தில நுரைப்பெட்டி ஒண்டு, அதுக்குள்ள சின்ன மோட்டரும் ஒரு போத்திலும். அங்கத்தைய சின்னக் கார்கள் கனக்க இப்பிடித்தான். ரயருக்குள்ள அந்தப் பசையை அடிச்சுக் காத்தும் அடிச்சா ஆணி ஓட்டை அடைபடும். மாங்குளத்துக்குக் கிட்ட ஏ9 வீதியில காத்துப் போயிட்டுது. நம்பிக்கையோட போத்திலை எடுத்தா, வெளிய முழுக்க ஜப்பான் எழுத்து, அதுக்குள்ள இலக்கத்தில தெரிஞ்சது காலாவதித் திகதி. முடிஞ்சு ரெண்டு வரியம். உள்ள பசை தயிர் மாதிரிக் கட்டி. சில்லைக் கழட்டி பஸ்ஸில ஏத்திக் கொண்டு போய் ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்தன்.

பழைய இரும்புக் கடையில அதே அளவுச் சில்லு ஒண்டு தேடி வாங்கி இப்ப பின்னால வச்சிருக்கிறன். ஜக்கும் சேத்து வாங்க வேணும், ஏனெண்டா கிட் வாற கார்களில கனக்க ஜக்கும் இல்லை.

சுங்கச்சாவடி

இந்தியாவுலயும் அந்த வழிதான் இப்போ. 2020 ஜூலையில மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினாங்க. டியூப்லெஸ் டயர், காத்து அழுத்தம் காட்டற கருவி, பஞ்சர் கிட் இருந்தா ஸ்டெப்னி கட்டாயமில்ல. புது வண்டி புக் பண்றவங்க ஷோரூம்லயே டிக்கியைத் தூக்கிப் பாத்துக்கோங்க. அந்தப் பசை மிதிபடற பக்கத்துல சின்ன ஆணி ஓட்டைக்குத்தான். சைடு வால், அதாவது டயரோட பக்கவாட்டுச் சுவர், கிழிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம ஊர் குழிகள்ல கிழியறது சைடு வால்தான், கொடுமை.

பழையஹார்ன்

'ஸ்டெப்னி' என்ற சொல் யாழ்ப்பாண நண்பருக்குப் புதிதாக இருப்பதில் வியப்பில்லை. அது பிறந்த பிரிட்டனிலேயே இன்று பெரும்பாலோருக்குத் தெரியாது. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கார்கள் உபரிச் சக்கரம் இல்லாமல்தான் வந்தன. டேவிஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரு சகோதரர்கள் 1904-இல் அங்கே ஒரு சாதனம் செய்தார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், அதன் பக்கவாட்டில் கவ்விப் பூட்டிவிட்டு ஓட்ட வேண்டியதுதான். தெருவின் பெயர் சாமானுக்கு வந்தது. அங்கே மறைந்த பெயர் நம் பஞ்சர் கடைப் பலகைகளில் இன்னும் வாழ்கிறது. பிரேசிலில்கூட 'எஸ்தெப்பி' என்கிறார்களாம்.

நான் அம்பாசடர் ஓட்டிய காலத்தில் நீண்ட பயணத்துக்கு இரண்டு ஸ்டெப்னி எடுத்துப் போவோம், கிளம்பும் முன் இரண்டுக்கும் காற்றுப் பார்ப்போம். டியூப்லெஸ் வந்து பஞ்சர் அரிதானதும் அந்தப் பழக்கம் போய்விட்டது.

புதுலைசன்ஸ்

ஸ்டெப்னில காத்து எவ்வளவு வெக்கணும்? அந்த 80 ஸ்டிக்கர் எதுக்கு? தெற்குவண்டி அண்ணாவுக்கு அது முன்னாடி மாட்டியிருக்கே, தப்பா?

மெக்கானிக்மகன்

முழு அளவு ஸ்டெப்னின்னா மத்த டயருக்குச் சொல்ற அளவைவிட நாலஞ்சு பி.எஸ்.ஐ. கூட வை. சும்மா கிடந்தாலும் மாசத்துக்கு ஒண்ணு கிட்டத்தட்ட இறங்கும். ஏழு வருஷத்துல மிச்சம் என்ன இருக்கும்னு அண்ணன் வண்டி காட்டிடுச்சு. தோசைக்கல் மாதிரி மெலிசா இருக்கிற தற்காலிகச் சக்கரம்னா அதுக்கு அளவே வேற, 60 பி.எஸ்.ஐ.ன்னு பக்கத்துலயே போட்டிருக்கும். பங்க் பையன் பயந்து 35ல நிறுத்துவான், காட்டிச் சொல்லு.

80 ஸ்டிக்கர் ஏன்னா, மெலிசான டயர்ல பிரேக் பிடிமானம் குறைவு, மழையில இன்னும் மோசம். ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல்னு இருந்தா திடீர்னு பிரேக் அடிக்கும்போது வண்டி இழுக்கும்.

முன்னாடி மாட்டலாமான்னா, விட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாக்கணும். அண்ணே, உங்க டயர்ல என்ன எழுதியிருக்கு?

தெற்குவண்டி

நாலும் 185/65 R15. ஸ்டெப்னி 165/80 R14.

மெக்கானிக்மகன்

அப்போ தப்பிச்சீங்க. முதலாவது விட்டம் 621 மில்லிமீட்டர் சொச்சம், ஸ்டெப்னி கிட்டத்தட்ட 620. அகலம்தான் குறைவு, உயரம் ஒண்ணே. டிஃபரென்ஷியலுக்கு வேலை இல்ல. ஆனா 215/60 R17 ஓடற வண்டிக்கு 205/65 R16 ஸ்டெப்னி வரும். 690க்கு 673. அதை முன்னாடி மாட்டி நானூறு கிலோமீட்டர் போனா, நேர் ரோட்டுலயும் டிஃபரென்ஷியல் ஓயாம சுத்திக்கிட்டே இருக்கும், சூடாகும். அந்த மாதிரி வண்டியில முன் டயர் போனா, பின் சக்கரத்துல ஒண்ணை முன்னாடி கொண்டு வந்து, ஸ்டெப்னியைப் பின்னாடி மாட்டறது நல்லது.

பாட்டில்ஜாக்கி

ரோட்டோரத்துல ரெண்டு தடவை ஜாக்கி போடச் சொல்றீங்களா? நான் ஒத்துக்க மாட்டேன். மாட்டினதை மாட்டிட்டு முதல்ல அங்கிருந்து கிளம்புங்க. மெதுவா பங்க்குக்குப் போய் சாவகாசமா மாத்திக்கலாம். பத்து கிலோமீட்டர்ல டிஃபரென்ஷியல் ஒண்ணும் செத்துடாது.

மெக்கானிக்மகன்

சரி அண்ணே, அது நியாயம். பங்க்ல மாத்திக்கோங்க.

விட்டுப்போன சிலது. இரும்பு ரிம்முன்னா நட்டோட கூம்புப் பக்கம் உள்ள பாக்கணும். முதல்ல எல்லாத்தையும் விரலாலயே சுத்தி ஏத்தணும், மரை சரியா விழுந்தா விரலுக்கே வரும். இறக்கினப்புறம் எதிரெதிரா இறுக்கணும், வரிசையா இல்ல. 50 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒருதடவை ஸ்பானர் போட்டுப் பாக்கணும். ஸ்டட்டுக்கு எண்ணெய், கிரீஸ் கூடாது. நட்டு எல்லாம் வந்தும் ரிம் துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு வரலன்னா, ஜாக்கி மேல வெச்சு உதைக்காதீங்க. நட்டை ரெண்டு மரை மட்டும் ஏத்தி, வண்டியை இறக்கி, ஒரு அடி முன்னாடி பின்னாடி நகர்த்துங்க. 'டப்'னு விட்டுடும்.

வெளிக்கடையில அலாய் ரிம் மாட்டினவங்க பழைய நட்டுகளைத் தூக்கிப் போடாதீங்க, இரும்பு ஸ்டெப்னிக்கு அதுதான் வேணும். லாக் நட்டு போட்டிருந்தா அதோட சாவி வண்டியில இருக்கணும், வீட்டு பீரோவுல இல்ல.

கியர்அக்கா

எங்க மாமாவோட இன்னோவாவுல ஸ்டெப்னி வண்டிக்கு அடியில சங்கிலியில தொங்கும். பத்து வருஷம் இறக்கவே இல்ல. கடைசியில இறக்கப் போனப்போ துருப்பிடிச்சு சங்கிலி இறங்கவே மாட்டேன்னுடுச்சு. அடியில தொங்கற வண்டி வெச்சிருக்கவங்க வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இறக்கி ஏத்துங்க.

தெற்குவண்டி

எல்லாருக்கும் நன்றி. நேத்து ஞாயித்துக்கிழமை, வீட்டு வாசல்லயே ஒத்திகை பாத்தோம்.

ஸ்டெப்னி ஓரத்துல நாலு எண் தேடச் சொல்லி வேற ஒரு இழையில படிச்சேன். முதல் ரெண்டு எண் டயர் செஞ்ச வாரம், அடுத்த ரெண்டு எண் செஞ்ச வருஷம். ரப்பர்ல விரலை வெச்சுத் தேய்ச்சதும் சுண்ணாம்பு மாதிரி கைக்கு வந்துச்சு, பக்கவாட்டுல மயிர் மாதிரி வெடிப்பு. மாத்தச் சொல்லிட்டேன். பஞ்சரான டயரைக் கழட்டினா உள்ள ஒரு கைப்பிடி கருப்புத் தூள் கொட்டுச்சு. நான் 'ரோடு சரியில்ல'ன்னு ஓட்டின அந்த ஒரு நிமிஷத்துல உள்பக்கம் அரைஞ்சு போச்சாம். சின்ன ஆணிதான், அப்பவே நிறுத்தியிருந்தா நூறு ரூபாயோட முடிஞ்சிருக்கும்னார் கடைக்காரர்.

பைப் வாங்கியாச்சு. என் மனைவி தனியா மாத்தினா, இருபத்தேழு நிமிஷம். அதுல ஆறு நிமிஷம் ஜாக்கி வெட்டைத் தேடினதுக்கு. வெட்டு மேல பெரியவன் இப்போ வெள்ளை பெயின்ட்ல பொட்டு வெச்சிருக்கான், நாலு பக்கமும். முக்கோணம் டிரைவர் சீட்டுக்கு அடியில வந்துடுச்சு.

முழங்கால்தான் இன்னும் படி ஏற விட மாட்டேங்குது.

பாட்டில்ஜாக்கி

அடுத்த தடவை அம்மாவை எங்க உக்கார வெப்பீங்க?

தெற்குவண்டி

தடுப்புக்கு அந்தப் பக்கம், குடையோட. அவங்ககிட்ட சொல்லியாச்சு. முறுக்கு டின்னும் கூடவே இறங்கணும்னு கண்டிஷன்.